அதே நான்கு வண்டிகள்

அன்பு மகளுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. அப்பா தூங்கட்டும் என்று காத்திருந்து இப்போதுதான் சமையலறை மேசையில் உட்கார்ந்தேன். போனில் பேசினால் நீ பாதியில் விளக்கம் சொல்ல ஆரம்பிப்பாய், நானும் சரிம்மா சரிம்மா என்று முடித்துவிடுவேன், அதனால்தான் காகிதம். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் கோபப்படு. எல்லோரும் நலம் என்று முதல் வரியில் எழுதித்தான் எனக்குப் பழக்கம், இன்றைக்கு அந்த வரிக்குக் கை போகவில்லை. நீ நலமாக இருக்க வேண்டும், அதில் மாற்றமில்லை. எங்கள் நலத்தை இந்தக் கடிதம் முடிவதற்குள் நீயே தெரிந்துகொள்வாய்.

உன் தங்கைக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, சனிக்கிழமை என்று சொன்னால் காற்றுதான் வருகிறது, அதற்கே நாள் முழுக்கச் சிரிக்கிறாள். என் அலுவலகத்தில் பரிசோதனைக்கு வந்த கடைத் தராசுகள் மேசைக்கு மேலேயும் கீழேயும் குவிந்து கிடக்கின்றன. செவ்வாயும் வியாழனும் பாதி நாள் விடுப்பு எடுக்கிறேன் அல்லவா, அதை ஈடுகட்ட வெள்ளிக்கிழமை இருட்டும்வரை எடைக்கல்லும் நானும்தான். மேலதிகாரி நான் கிளம்பும்போதெல்லாம் சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்ப்பார். சரி, வீட்டுச் செய்தி இவ்வளவுதான். இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் கோபமாக இருக்கிறேன். உன் மேல் கோபம், உன் கம்பெனி மேல் கோபம், அப்பா மேலும் கொஞ்சம். என் மேலும் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது, "செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனதும் உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்கும்மா, பாத்துட்டு சொல்லு" என்றாய். நான் பூங்கொத்து ஏதாவது அனுப்பியிருப்பாய் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால், டயாலிசிஸ் பகுதி வாசலை ஒட்டி வரிசையாக நின்ற நான்கு பழைய சார்ஜிங் கம்பங்களையும் காணோம். சிமெண்ட் தரையில் நான்கு ஓட்டைகள், அதைப் பூசிய ஈரம்கூடக் காயவில்லை. அந்த இடத்தில் ஆளுயரத்துக்கு இரண்டு வெள்ளைப் பெட்டி, பெரிய திரை, அதில் உன் கம்பெனியின் பெயர், கீழே 'முப்பது நிமிடத்தில் எண்பது சதவீதம்' என்று ஓடுகிறது. அப்பா வண்டிக்குள் இருந்தபடியே அதைப் பார்த்துவிட்டு, "நம்ம பொண்ணு வேலைடி இது" என்று முகமெல்லாம் மலர்ந்தார். அவருக்கு முன்னாடியே தெரியும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் இறங்கி அந்தப் பெட்டியில் தொங்கிய சார்ஜர் குழாயைத் தூக்கினேன், என் முழங்கை கனம் இருக்கிறது. நம் வண்டியின் வாய் சின்னது, அந்தக் குழாயின் முகம் பெரியது, எப்படிப் பொருந்தும். காவலர் ஓடி வந்து, "மேடம், இது ஃபாஸ்ட் சார்ஜ் ஏத்துற வண்டிக்கு மட்டும்தான். உங்க வண்டிய பின்னாடி துணி வெளுக்குற கட்டிடத்துக்கிட்ட விட்டுருங்க" என்றார். அவர் மேல் தப்பில்லை, அவருக்கு ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நீ என்ஜினீயர், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு இயற்பியல் பட்டப் பரீட்சை எழுதியவள் என்ற உரிமையில் கணக்குச் சொல்கிறேன். நம் வண்டி ஆறு வருஷத்துப் பழைய பிளக்-இன் ஹைபிரிட். பேட்டரி பத்து யூனிட், நிறைந்திருந்தால் மின்சாரத்திலேயே நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடும், அதற்கு மேல் பெட்ரோல் என்ஜின் தானாக எழுந்துகொள்ளும். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி முப்பத்தெட்டு. போவதற்கு இரவெல்லாம் வீட்டில் ஏற்றிய மின்சாரம், திரும்புவதற்கு ஆஸ்பத்திரிக் கம்பத்து மின்சாரம். அந்தக் கம்பம் மூன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டது, அப்பாவின் டயாலிசிஸ் நான்கு மணி நேரம். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. ஊசி எடுக்கும் நேரத்தில் போனில் ஒரு பொத்தானைத் தட்டினால் வண்டி அந்தக் கம்பத்து மின்சாரத்திலேயே உள்ளே குளிர்ந்து காத்திருக்கும், பத்தே அடி நடத்தி அவரை உட்கார வைத்துவிடுவேன். அதை மெதுவான கம்பம் என்று நீங்கள் சொல்கிறீர்கள். எங்களுக்கு அது மெதுவாக இருந்ததே இல்லை.

மின்சாரத்தில்தான் திரும்ப வேண்டும் என்று எதற்கு அவ்வளவு அடம் என்று கேட்பாய். ரத்தம் சுத்தம் செய்து எழுந்த பிறகு அப்பாவுக்கு என்ஜின் அதிர்வும் பெட்ரோல் வாசனையும் ஆகாது. ஆரம்பத்தில் இரண்டு மாதம் படாத பாடு பட்டோம். வண்டியில் வாளி வைத்துக்கொண்டு வருவோம், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஓரம் கட்டுவேன். மின்சாரத்தில் ஓட்டினால் குழந்தை மாதிரி தூங்கிவிடுவார், கேட்டுக்கு வந்துதான் எழுப்புவேன். செவ்வாய்க்கிழமை பெட்ரோலில் திரும்பினோம். வாளி இனி வேண்டாம் என்று எப்போதோ வண்டியிலிருந்து எடுத்துவிட்டேன், அந்தத் தைரியத்தில் ஒன்றும் எடுத்து வைக்கவில்லை. மூன்று இடத்தில் நிறுத்தினேன். மூன்றாவது இடத்தில் அவர் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறார், பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார், அந்த நேரத்தில் உன்னிடமிருந்து செய்தி: 'அம்மா, சர்ப்ரைஸ் எப்படி? இனிமே எல்லாம் அரை மணி நேரத்துல முடிஞ்சிரும்.' எது அரை மணி நேரத்தில் முடியும். உன் கம்பெனியிடம் சொல்லி ரத்தத்துக்கும் ஒரு வேகமான பெட்டி வைக்கச் சொல், கும்பிட்டு வாங்கிக்கொள்கிறேன்.

அன்றைக்கே எழுதியிருப்பேன். அப்பாதான், "குழந்தை ஆசையா செஞ்சிருக்கா, எதுக்கு அவ மனசக் கெடுக்கற. அடுத்த மாசம் புது வண்டி வருது, அதுல ஃபாஸ்ட் சார்ஜ் இருக்கு, எல்லாம் சரியாப் போயிரும்" என்று சமாதானம் சொன்னார். நீங்கள் இரண்டு பேரும் எனக்குத் தெரியாமல் புது வண்டிக்குப் பேசி முடித்திருக்கிறீர்கள் என்பதையும் இப்படித்தான் தெரிந்துகொண்டேன். வாரத்தில் மூன்று நாளும் ஓட்டப்போவது நான், என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. அதையும் விழுங்கிக்கொண்டேன். இன்றைக்கு வியாழக்கிழமை நடந்ததைத்தான் விழுங்க முடியவில்லை.

எங்கள் நேரத்தில் நான்கு வண்டிகள்தான் அங்கே நிற்கும். நாங்கள், மனைவியை அழைத்து வரும் டாக்ஸிக்காரர், தம்பியை அழைத்து வரும் தையல்கடை அம்மா, அப்புறம் ஒரு வாத்தியார். வாத்தியாருக்கு யாரும் கிடையாது, தானே ஓட்டி வருவார், தானே ஓட்டிப் போவார். போன மாதம்தான் புது பிளக்-இன் ஹைபிரிட் வாங்கினார், நீயும் அப்பாவும் பேசி வைத்திருக்கும் அதே ரகம். நம்மைப் போல இல்லை, அவர் வண்டி உன் பெட்டியில் பொருந்தியது. அவருக்கு அவ்வளவு சந்தோஷம், அப்பாவிடம், "சார், நான் ஊசி குத்தி முடிக்கறதுக்குள்ள வண்டி குடிச்சு முடிச்சிரும்" என்று சொல்லிக்கொண்டே படுத்தார். படுத்து முப்பதாவது நிமிடம் அவர் போன் கத்தியது. சார்ஜ் முடிந்தது, பத்து நிமிடத்துக்குள் வண்டியை நகர்த்த வேண்டும், இல்லாவிட்டால் நிமிடத்துக்கு இவ்வளவு அபராதம், அரை மணிக்கு மேல் போனால் சக்கரத்துக்குப் பூட்டு. கையில் இரண்டு ஊசி, பக்கத்தில் சுற்றும் மெஷின், அந்த மனிதர் என்ன செய்வார். சிஸ்டரிடம், "ஊசியோட போய் நகர்த்தட்டுமா, இல்ல நகர்த்திட்டு வந்து முதல்லேர்ந்து குத்திக்கட்டுமா" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் சக்கரத்தைப் பூட்டிவிட்டால் அவர் வீட்டுக்குப் போவது எப்படி. எனக்கு ஓட்டத் தெரியும், நான் போகிறேன் என்று சாவியை வாங்கினேன்.

அங்கேதான் உன் புது வசதிகளின் அருமை தெரிந்தது. கதவைத் திறந்ததும் வண்டி வணக்கம் சொன்னது, இருக்கை தானாக முன்னும் பின்னும் போய் வந்தது, கண்ணாடிக்கு மேலே ஒரு குட்டிக் கேமரா என் முகத்தைப் பார்த்துவிட்டு, நீங்கள் பதிவு செய்யப்பட்ட ஓட்டுநர் அல்ல, உரிமையாளர் அனுமதிக்க வேண்டும் என்றது. உரிமையாளர் போனில் அனுமதி தர வேண்டும், உரிமையாளரின் போன் தரையில் விழுந்து கிடக்கிறது, குனிந்து எடுக்க அவரால் முடியாது. நான் கூப்பிடுகிறேன், மணி அடிக்கிறது, எடுப்பார் இல்லை. கடைசியில் ஒரு சிஸ்டர் எடுத்து, அவர் விரலைப் பிடித்து அமுக்கி அனுமதி வந்தது. அதற்குப் பிறகு சார்ஜர் குழாய் வண்டியை விட மாட்டேன் என்றது, அதற்கு இன்னொரு அனுமதி. நகர்த்தி, பின்பக்கம் நிறுத்தி, நடந்து திரும்பியபோது பத்தொன்பது நிமிடம் ஆகியிருந்தது. வாசலிலேயே மெஷின் அலறுவது கேட்டது. பன்னிரண்டு மெஷினில் எது என்று எனக்குத் தெரியும், அப்பாவின் மெஷினுக்கு அவர் வைத்த பெயர் மாமியார், தொட்டதற்கெல்லாம் கத்தும் என்பதால். ஓடினேன். கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்தி வைத்திருக்கிறார்கள், இரண்டு சிஸ்டர்கள் நிற்கிறார்கள், அவர் முகம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது, பி.பி. எழுபதுக்கு வந்துவிட்டது. கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கப் பத்து நிமிடம் ஆனது. பார்த்ததும் என்ன சொன்னார் தெரியுமா, "வாத்தியார் வண்டி நகர்ந்துச்சா? நான் கொஞ்சத்துல நகர்ந்துருப்பேன்." அவருக்கு அது நகைச்சுவை. நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது என் மேல் உள்ள கோபத்துக்கு வருகிறேன். அந்த நான்கு மணி நேரமும் நான் என்ன செய்கிறேன் என்று நீ கேட்கும்போதெல்லாம், கேன்டீனில் உட்கார்ந்து ஜாலியாகப் புத்தகம் படிக்கிறேன் என்று சொல்லி வந்தேன். பொய். பதினான்கு மாதமாக நான் அந்தக் கேன்டீனில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. பன்னிரண்டு கட்டிலுக்கு மூன்று சிஸ்டர்கள். மெஷின் அரை மணிக்கு ஒருமுறைதான் பி.பி. பார்க்கும். அப்பாவுக்கு இறங்குவதற்கு முன்னால் கொட்டாவி வரும், ஒன்று வந்தால் பரவாயில்லை, அடுத்தடுத்து மூன்று வந்தால் ஐந்து நிமிடத்தில் ஆளே சரிந்துவிடுவார். அந்தக் கொட்டாவியை எண்ணுவதுதான் என் வேலை. மூன்றாவது வந்ததும் சிஸ்டரைக் கூப்பிடுவேன், அவர்கள் ஏதோ திருகுவார்கள், சரியாகிவிடும். இதுவரை எட்டு முறை. இன்றைக்கு எண்ண ஆள் இல்லை. நீ அங்கே தனியாக இருக்கிறாய், படித்து முடித்த முதல் வேலை, எதற்குக் கலங்க வைக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் கூடிப் பேசித்தான் கேன்டீன் கதையைக் கட்டினோம். உன்னிடம் மறைத்ததற்கு நீ என்னைத் திட்டலாம், வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் அதோடு நீ தப்பித்துக்கொள்ள முடியாது. செவ்வாய்க்கிழமைச் செய்தியோடு ஒரு ரிப்போர்ட்டும் அனுப்பியிருந்தாய், படி அம்மா, உங்க ஆஸ்பத்திரியை லிஸ்ட்டில் முதலில் கொண்டு வந்ததே நான்தான் என்று. சாயங்காலம் அப்பாவைப் படுக்க வைத்துவிட்டு அதைத் திறந்தேன். மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய்: 'செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் காலை ஏழு முதல் பதினொன்றரை வரை அதே நான்கு வண்டிகள் நான்கு கம்பங்களையும் பிடித்துவைத்துக்கொள்கின்றன. சார்ஜ் நிறைந்த பின்னும் சராசரியாக ஐம்பது நிமிடம் நகர்வதில்லை. பயன்படுத்துவோரின் அலட்சியமே காரணம்.' கீழே நான்கு வண்டிகளின் எண்களையும் சிவப்பில் போட்டிருக்கிறாய். மூன்றாவது எண் யாருடையது என்று பார்த்தாயா? பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அந்த நான்கு இலக்கத்தைத்தான் எல்லாவற்றுக்கும் பாஸ்வேர்டாக வைத்திருந்தாய். உன் கையாலேயே டைப் அடித்துச் சிவப்பு வண்ணமும் கொடுத்திருக்கிறாய், கண்ணில் படவில்லை. ஏண்டி, வாரத்தில் மூன்று நாள், அதே நான்கு வண்டி, அதே நாலரை மணி நேரம், டயாலிசிஸ் வாசலை ஒட்டி. இதைப் பார்த்தால் ஒருவருக்கு முதலில் என்ன தோன்ற வேண்டும்? அலட்சியம் என்றா?

நானும் அளவு பார்த்துப் பிழைப்பவள்தான். ஒரு தராசு ஒரே பக்கம் முந்நூறு கிராம் சாய்ந்தால், கடைக்காரர் திருடன் என்று எழுதுவதற்கு முன்னால் கடைக்குப் போய் அந்த மேசை சமமாக இருக்கிறதா என்று பார்ப்போம். பாதி நேரம் மேசைதான் கோணலாக இருக்கும். நீ மேசையைப் போய்ப் பார்க்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே எழுதிவிட்டாய். அந்த வாத்தியாரை அலட்சியக்காரர் என்று எழுதினாய், தம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரும் தையல்கடை அம்மாவை எழுதினாய், உன் அம்மாவையும் எழுதினாய்.

வேகமான சார்ஜர் கெட்டது என்று நான் சொல்லவில்லை, அதை என் வாயில் வைக்காதே. முன்வாசலில் வை. மருந்து வாங்க வருகிறவர்கள், நோயாளியைப் பார்த்துவிட்டு ஓடுகிறவர்கள், எல்லோருக்கும் அரை மணி நேரம் தேவாமிர்தம்தான். புது வண்டியும் வரட்டும். அதில் மின்சாரத்திலேயே தொண்ணூறு கிலோமீட்டர் போகும் என்று அப்பா படித்துக் காட்டினார், வீட்டில் ஏற்றியதிலேயே போய்த் திரும்பிவிடலாம், எனக்குக் கம்பமே வேண்டாம். அதைத்தான் நீ பதிலாகச் சொல்வாய் என்று தெரியும். அப்படியானால் எங்கள் தொல்லை மட்டும் தீர்ந்ததும் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? டாக்ஸிக்காரரும் தையல்கடை அம்மாவும் இன்னும் ஐந்து வருஷத்துக்கு அந்தப் பழைய வண்டியில்தான் வருவார்கள். இன்றைக்குத் தையல்கடை அம்மா என்னிடம், "உங்க பொண்ணு அந்தக் கம்பெனிலதானே இருக்கா, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா" என்று கேட்டார். உன் ரிப்போர்ட்டை அப்போது நான் படித்திருக்கவில்லை. படித்த பிறகு கேட்டிருந்தால் என்ன முகத்தோடு நின்றிருப்பேன் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

திங்கட்கிழமை கூட்டத்தில் இந்த ரிப்போர்ட்டை வைத்து இன்னும் ஒன்பது ஆஸ்பத்திரிகளில் இப்படியே மாற்ற முடிவெடுக்கப் போகிறீர்கள் என்று கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்குள் நீ எழுந்து, இது தப்பு, நான் எழுதியது தப்பு என்று சொல்ல வேண்டும். முதல் வேலை, முதல் ரிப்போர்ட், எல்லோர் முன்னாலும் எப்படிச் சொல்வது என்று கூசும். கூசட்டும். ஒன்பது இடத்திலும் டயாலிசிஸ் பகுதிக்கு ஒரு போன் போட்டு, எத்தனை கட்டில், எத்தனை மணி நேரம், தனியாக வண்டி ஓட்டி வருகிறவர் எத்தனை பேர் என்று கேள். ஒரு நாள் வேலைகூட இல்லை. எங்கள் வாசலில் நான்கு பழைய கம்பத்தையும் திரும்ப நட வேண்டும், அலட்சியம் என்ற வார்த்தை போக வேண்டும். உன் கோபத்தையோ அழுகையையோ எனக்கு அனுப்பாதே, இதைச் செய்.

அப்பாவிடம் இந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. உன் பெட்டியை அவர் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறார், இன்றைக்குக் கண் திறந்து தெளிந்த பிறகும் அதைப் பக்கத்துக் கட்டில்காரரிடம் காட்டி, "என் மூத்தவ வெச்சது" என்றார். எனக்கு அந்த இடத்தில்தான் கோபம் உச்சிக்குப் போனது, அந்த இடத்தில்தான் அழுகையும் வந்தது, ஆனால் அங்கே அழவில்லை. அவரிடம் நீ பேசும்போது வழக்கம்போலப் பேசு. வேலையில் மூழ்கிக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, போன முறை வீடியோவில் கழுத்தெலும்பு தெரிந்தது. அந்த மெல்லிய செருப்போடு மழையில் நடக்காதே. ராத்திரி கதவின் உள்தாழ்ப்பாளையும் போட்டுக்கொள். நீ கெட்டிக்காரி, நேர்மையானவள், அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது, சந்தேகம் இருந்தால் இவ்வளவு நீளத்துக்கு எழுதியிருக்க மாட்டேன். நன்றாக இரு, நூறு வருஷம் இரு, உன் கை பட்டது நாலு பேருக்கு உதவட்டும்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு நாங்கள் கிளம்ப வேண்டும். வாளியைத் துடைத்துப் பின் இருக்கையில் வைத்துவிட்டேன். வாத்தியார் இனி டாக்ஸியில் வருவதாகச் சொன்னார். நான் கட்டிலின் பக்கத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன், எந்தப் பெட்டி எப்படிக் கத்தினாலும்.

திங்கட்கிழமைக்கு முன்னால் பதில் எழுது. கூட்டத்தில் சொல்வாயா மாட்டாயா, அது மட்டும் போதும், சீக்கிரம் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா